பட்டியல் விலைக்கு மேல் கேட்கும் கார் டீலர்கள்: அமெரிக்காவில் கார் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2021, 2022 ஆண்டுகளில் அமெரிக்காவில் புதிய கார் வாங்கப் போனவர்களிடம் டீலர்கள் கார் கம்பெனி போட்ட விலைக்கு மேல் இரண்டாயிரம், ஐந்தாயிரம், சில மாடல்களுக்குப் பத்தாயிரம் டாலர்கூடக் கேட்டார்கள். தட்டுப்பாடு இப்போது பெருமளவு தணிந்துவிட்டது. கூடுதல் விலை கேட்கும் பழக்கம் மட்டும் முழுவதுமாகப் போகவில்லை. நியூ ஜெர்சியில் புதிதாக வந்திறங்கும் தமிழ்க் குடும்பங்களுக்குத் துணையாகக் கார் கடைகளுக்குப் போய் வருகிறேன். அப்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலைக்கு மேல் விற்பது சட்டவிரோதம் இல்லையா?

இல்லை. நம் ஊரிலிருந்து வருபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். இந்தியாவில் பிஸ்கட் பாக்கெட்டில் அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். அந்த நினைப்போடு வருபவர்கள், அமெரிக்கக் காரில் எம்எஸ்ஆர்பி என்று பார்த்ததும் அதுதான் உச்சவரம்பு என்று நம்பிவிடுகிறார்கள். உண்மையில் அது கார் கம்பெனி பரிந்துரைக்கும் விலை மட்டுமே. டீலர் கம்பெனியின் ஊழியர் அல்லர், தனி வியாபாரி. காரைக் கம்பெனியிடமிருந்து வாங்கித் தன் சொந்தச் சரக்காக விற்கிறார். அந்தப் பட்டியல் விலைக்குக் கீழேயும் விற்கலாம், மேலேயும் விற்கலாம். பல ஆண்டுகளாகக் கீழேயே விற்று வந்ததால் மேலேயும் விற்க முடியும் என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது.

பேரிடர்க் காலக் கொள்ளை விலையைத் தடுக்கும் சட்டங்கள் பல மாநிலங்களில் உண்டு. அவை பெரும்பாலும் உணவு, மருந்து, எரிபொருள் போன்ற அத்தியாவசியப் பொருள்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. புதிய கார் விலைக்கு அவை கைகொடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அப்படியானால் அந்தச் சீட்டை எதற்கு ஒட்டுகிறார்கள்?

1958ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஒக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி. அதனால் இன்றும் அந்தச் சீட்டை மன்ரோனி ஸ்டிக்கர் என்றே சொல்கிறார்கள். அதற்கு முன் ஒரே காருக்கு ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விலை சொல்ல முடிந்தது. எது அடிப்படை விலை, எது போக்குவரத்துச் செலவு என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. மன்ரோனி சீட்டில் அடிப்படை விலை, கூடுதல் வசதிகள் ஒவ்வொன்றின் விலை, டெஸ்டினேஷன் கட்டணம் (காரை டீலரிடம் கொண்டுவரும் போக்குவரத்துச் செலவு), மொத்தம் ஆகிய எல்லாம் இருக்கும். வாங்குபவர் கைக்குக் கார் வருமுன் அதைக் கிழிப்பதும் திருத்துவதும் குற்றம்.

ஆனால் பக்கத்தில் இன்னொரு சீட்டை ஒட்டுவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. 2022இல் ஒரு குடும்பத்துடன் டொயோட்டா சியன்னா பார்க்கப் போயிருந்தேன். ஊரிலிருந்து அப்பா அம்மா வரப்போகிறார்கள், இரண்டு குழந்தைகள், மினிவேன் இல்லாமல் ஆகாது என்ற நிலை. பின் கதவுக் கண்ணாடியில் கம்பெனிச் சீட்டு ஒட்டியிருந்தது. அதை ஒட்டியே, அதே அகலத்தில், ஏறக்குறைய அதே எழுத்து வடிவில் டீலர் அச்சடித்த இரண்டாவது சீட்டு. முதல் வரி கம்பெனிச் சீட்டின் மொத்தத் தொகை. அதன்கீழ் டயரில் நைட்ரஜன், கதவு விளிம்புக்கு ரப்பர், இருக்கைத் துணிக்குப் பூச்சு. கடைசி வரியில் ‘மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்’. அதற்கு எந்த விளக்கமும் இல்லை, ஆயிரக்கணக்கில் ஒரு தொகை மட்டும். அந்த வீட்டுக்காரர் அதையும் அரசாங்கம் கேட்கும் வரி என்றே எடுத்துக்கொண்டார். டீலரின் சொந்த லாபம் என்று நான் சொன்னபோது அவரால் நம்பவே முடியவில்லை.

காரைப் பார்க்கப் போனால் இந்த இரண்டு சீட்டையும் தனித்தனியாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தட்டுப்பாடு எப்படி வந்தது?

2020 மார்ச்சில் கொரோனாவால் வட அமெரிக்கக் கார் ஆலைகள் மூடப்பட்டன. விற்பனை நீண்ட நாள் எழாது என்று கணித்த கம்பெனிகள் மின்னணுச் சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. அந்த இடத்தை லேப்டாப், போன், வீடியோ கேம் கருவித் தயாரிப்பாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். கணிப்புக்கு மாறாகக் கார் விற்பனை சில மாதங்களிலேயே மீண்டது. கார் கம்பெனிகள் மறுபடி சிப் கேட்டபோது வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியிருந்தது.

அதற்கு மேல் அடி மேல் அடியாக விழுந்தது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் பனிப்புயலில் மின்சாரம் போய் ஆஸ்டினில் இருந்த சாம்சங், என்எக்ஸ்பி சிப் ஆலைகள் நின்றன. மார்ச் 19 அன்று ஜப்பானில் கார்களுக்குச் சிப் தயாரிக்கும் ரெனேசாஸ் கம்பெனியின் நாகா ஆலையில் தீ விபத்து. அந்தக் கோடையில் மலேசிய ஊரடங்கு, சிப்களைச் சோதித்துப் பொதியும் ஆலைகளை முடக்கியது. சிப்புக்காகக் காத்திருக்கும் ஃபோர்டு பிக்கப் டிரக்குகள் கென்டக்கியில் ஒரு பந்தயத் திடலை நிரப்பி நின்றன. ஜெனரல் மோட்டார்ஸ் சில மாடல்களைச் சூடேற்றும் இருக்கை வசதி இல்லாமலே அனுப்பியது.

சாதாரணக் காலத்தில் அமெரிக்க டீலர்களிடம் முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட புதிய கார்கள் இருப்பில் இருக்கும். 2021 இலையுதிர் காலத்தில் அது சுமார் பத்து லட்சமாகச் சுருங்கியது.

எல்லோருமா கூடுதல் விலை கொடுத்தார்கள்?

கிட்டத்தட்ட எல்லோரும் என்றே சொல்லலாம். கார் விலைகளை ஆராயும் எட்மண்ட்ஸ் நிறுவனத்தின் கணக்குப்படி, 2022 ஜனவரியில் புதிய கார் வாங்கியவர்களில் 82 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பட்டியல் விலைக்கு மேல் கொடுத்தார்கள். 2021 ஜனவரியில் இது 2.8 சதவீதம், 2020 ஜனவரியில் வெறும் 0.3 சதவீதம். சராசரியாகப் பார்த்தால் 2022 ஜனவரியில் பட்டியல் விலைக்கு மேல் 728 டாலர். அதற்கு ஓராண்டு முன்னால் சராசரியாக 2,152 டாலர் தள்ளுபடி கிடைத்திருந்தது. ஆகவே ஓராண்டில் வாங்குபவர் இழந்தது இரண்டையும் கூட்டி வரும் தொகை, ஏறக்குறைய 2,900 டாலர்.

சராசரி பல வேறுபாடுகளை மறைத்துவிடும். கியா டெலுரைடு, ஃபோர்டு பிராங்கோ, கார்வெட் போன்றவற்றுக்குக் கேட்ட தொகைகள் அந்த 728 டாலரை விடப் பல மடங்கு அதிகம்.

கார் கம்பெனிகள் ஏன் டீலர்களைத் தடுக்கவில்லை?

தடுக்கும் அதிகாரம் அவர்களிடம் பெரிதாக இல்லை. டீலர்களைப் பாதுகாக்கும் ஃபிரான்சைஸ் சட்டங்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் உண்டு. பெரிய கம்பெனி சிறிய வியாபாரியை நசுக்கிவிடக் கூடாது என்பதற்காக வந்த சட்டங்கள் அவை. டீலரை மீறிக் கம்பெனி நேரடியாக விற்பதும், உரிமத்தை எளிதில் பறிப்பதும் பெரும்பாலான மாநிலங்களில் முடியாது.

கம்பெனியிடம் இருக்கும் ஒரே பிடி ஒதுக்கீடு, அதாவது எந்த டீலருக்கு எத்தனை கார் அனுப்புவது என்பது. 2022 தொடக்கத்தில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் டீலர்களுக்குக் கடிதம் எழுதி எச்சரித்தன. தங்கள் டீலர்களில் சுமார் பத்து சதவீதம் பேர் பட்டியல் விலைக்கு மேல் விற்கிறார்கள், அவர்கள் யார் என்று தெரியும், இனிமேல் ஒதுக்கீட்டில் அதன் விளைவு தெரியும் என்று ஃபோர்டு தலைவர் ஜிம் ஃபார்லி வெளிப்படையாகவே சொன்னார். கம்பெனிகளின் கோபத்துக்கு வாங்குபவர் மீதான அக்கறை மட்டும் காரணமில்லை. கூடுதல் பணம் டீலர் பைக்குப் போக, கெட்ட பெயர் மட்டும் கம்பெனிக்கு வந்தது.

டெஸ்லா போல எல்லாக் கம்பெனிகளும் நேரடியாக விற்றால் இந்தத் தொல்லை இருக்காதே?

டீலர் சீட்டு இருக்காது. ஆனால் தட்டுப்பாட்டில் விலை ஏறாது என்று பொருள் கொள்ள வேண்டாம். டெஸ்லா தன் பட்டியல் விலையையே ஏற்றியது. மாடல் ஒய் லாங் ரேஞ்ச் 2022இல் 65,990 டாலர் வரை போனது. 2023 ஜனவரியில் ஒரே நாளில் 52,990 ஆகக் குறைந்தது. முந்தைய மாதம் வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். எல்லோருக்கும் ஒரே விலை என்பதும், பேரம் பேசத் தெரியாதவர் தனியாக ஏமாற மாட்டார் என்பதும் நல்ல விஷயங்களே.

டீலர் தரப்பில் நியாயமே இல்லையா?

கொஞ்சம் உண்டு. மாதம் நூறு கார் விற்ற கடைக்கு முப்பது கார்தான் வருகிறது. வாடகை, சம்பளம், வட்டி எதுவும் குறையவில்லை. விலையை ஏற்றாவிட்டால் முதலில் வருபவர் வாங்கி மறுநாளே லாபத்துக்கு விற்றுவிடுவார் என்றும் சொல்வார்கள். அப்படியும் நடந்தது.

ஆனால் அந்தக் காலத்தில் டீலர்கள் நஷ்டத்தில் தள்ளாடவில்லை. பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய டீலர் நிறுவனங்கள் 2021இல் அதுவரை காணாத லாபம் ஈட்டின. விலையை ஏற்றுவது வியாபாரம், அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியும். விளம்பரத்தில் ஒரு விலை சொல்லி, நாற்பது மைல் ஓட்டி வரவழைத்து, மூன்று மணி நேரம் உட்கார வைத்து, கையெழுத்துப் போடும் நேரத்தில் இன்னொரு விலை காட்டுவதை ஏற்கவே முடியாது.

ஐந்தாயிரம் கூடுதல் என்றாலும் மாதத் தவணையில் நூறு டாலர்தானே?

விற்பவர் உங்களிடம் சொல்ல விரும்பும் வாக்கியம் இது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். நியூ ஜெர்சியில் விற்பனை வரி 6.625 சதவீதம். கூடுதல் தொகைக்கும் அந்த வரி உண்டு. ஆக 5,000 டாலர் 5,331 ஆகிவிட்டது. அதை 7 சதவீத வட்டியில் அறுபது மாதக் கடனில் சேர்த்தால் மாதம் சுமார் 106 டாலர், மொத்தம் 6,330 டாலருக்கு மேல். இந்தப் பணத்துக்கு உங்கள் காரில் ஒரு ஸ்குரூகூடக் கூடுதலாக இல்லை.

பெரிய ஆபத்து வேறு. கார் விபத்தில் முற்றிலும் சேதமானால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அன்றைய சந்தை மதிப்பைத்தான் கொடுக்கும். நீங்கள் டீலருக்குக் கொடுத்த கூடுதல் தொகை அதன் கணக்கில் வராது. முன்பணம் குறைவாகக் கட்டியிருந்தால், இல்லாத காருக்குத் தவணை கட்டும் நிலை வரும். 2022இல் உச்ச விலையில் வாங்கியவர்கள் பலர் ஓரிரு ஆண்டுகளில் காரை மாற்றப் போனபோது, காரின் மதிப்பைவிடக் கடன் பாக்கி அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். கூடுதல் விலை கொடுத்தே தீர வேண்டிய நிலை என்றால், அந்தத் தொகையைக் கடனில் சேர்க்காமல் கையிலிருந்து கொடுங்கள். கையில் இல்லை என்றால் அந்தக் காரை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

லீஸ் எடுத்தால் தப்பிக்கலாமா?

லீஸ் என்றால் காரை வாங்காமல் சில ஆண்டுகளுக்கு மாதத் தொகை கட்டி வாடகைக்கு எடுப்பது. அதில் இன்னும் மோசம். லீஸ் முடிவில் காரின் மதிப்பைப் பட்டியல் விலையின் குறிப்பிட்ட சதவீதமாகத்தான் கணக்கிடுகிறார்கள். டீலர் கூட்டிய தொகைக்கு அந்த மதிப்பில் இடமில்லை. ஆகவே ஐந்தாயிரம் முழுவதையும் முப்பத்தாறு மாதத்தில் நீங்களே தீர்க்க வேண்டும். வட்டி இல்லாமலே மாதம் 139 டாலர். கடைசியில் காரையும் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

ஆனால் தட்டுப்பாட்டுக்கு முன் லீஸ் எடுத்தவர்களுக்கு நல்ல காலம் வந்தது. ஒப்பந்தத்தில் எழுதிய வாங்கும் விலை பழைய சந்தையைப் பார்த்துப் போட்டது. 2021இல் அதே கார் அதைவிடப் பல ஆயிரம் டாலர் அதிகம் போனது. சில டீலர்கள் அப்போதும் எழுதிய விலைக்கு மேல் கேட்டார்கள். லீஸ் முடியும்போது காரை வாங்கிக்கொள்ள விரும்பினால் டீலரிடம் போகுமுன் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்து, லீஸ் கொடுத்த நிதி நிறுவனத்தை நேரடியாகக் கூப்பிட்டுத் தொகையைக் கேளுங்கள்.

‘மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட் வாங்குவதில்லை, ஆனால் இந்தப் பேக்கேஜ் எல்லாக் காரிலும் உண்டு’ என்கிறார்களே?

பெயர் மாறியதே தவிர பணம் ஒன்றுதான். டயரில் நைட்ரஜன் என்று நூற்றுக்கணக்கான டாலர் கேட்பார்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். கண்ணாடியில் வண்டி எண் பொறிப்பது, பெயிண்ட்டுக்கு மேல் பூச்சு, திருட்டுத் தடுப்புக் கருவி எல்லாம் இதே வகை. ‘அகற்றிவிட்டு விலையைக் குறையுங்கள்’ என்று கேளுங்கள். ‘ஏற்கெனவே பொருத்திவிட்டோம்’ என்றால், ‘பொருத்தியபடியே இருக்கட்டும், பணம் தர மாட்டேன்’ என்று சொல்லலாம். வாடிக்கையாளர் குறைவான நாளில் இது பலித்ததைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பேக்கேஜ் இல்லாமல் கடன் கிடைக்காது என்று யாராவது சொன்னால் அது பொய். அந்த வார்த்தைகளை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், புகாருக்கு உதவும்.

டெஸ்டினேஷன் கட்டணமும் டாக் ஃபீயும் ஏமாற்றா?

டெஸ்டினேஷன் கட்டணம் கம்பெனிச் சீட்டிலேயே இருக்கும், எல்லோரும் கட்டுவதுதான். டாக் ஃபீ என்பது காகித வேலைக்கு டீலர் வாங்குவது. கலிபோர்னியாவில் 85 டாலருக்கு மேல் வாங்க முடியாது, நியூயார்க்கில் உச்சவரம்பு 175 டாலர். புளோரிடாவில் வரம்பே இல்லை. கட்டணத்தைக் குறைக்க மாட்டோம் என்பார்கள். அப்போது அதே தொகையைக் கார் விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

முன்பணம் கட்டி மாதக்கணக்கில் காத்திருந்தேன். கார் வந்ததும் கூடுதலாகக் கேட்கிறார்கள். என்ன செய்வது?

நீங்கள் கையெழுத்திட்ட காகிதத்தில் விலை எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதியிருந்தால் அது ஒப்பந்தம். மேலாளரிடம் அதைக் காட்டுங்கள், மறுத்தால் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கும் எழுதுங்கள். பெரும்பாலான முன்பதிவுத் தாள்களில் மாடல், நிறம், முன்பணம் மட்டுமே இருக்கும். விலை இருக்காது. அப்படியென்றால் உங்கள் கை தாழ்ந்தே இருக்கும். முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியேறுவதுதான் மிச்சமிருக்கும் வழி.

அதனால் முன்பணம் கட்டுகிற அன்றே மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: இன்ன மாடலின் பட்டியல் விலைக்கு மேல் எதுவும் கூட்டுவதில்லை, டீலர் எதையும் பொருத்துவதில்லை, முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். எழுதித் தராத டீலரிடம் ஐந்நூறு டாலர்கூடக் கட்டாதீர்கள்.

பேரம் எப்படித் தொடங்குவது?

கடைக்குப் போகாமல் தொடங்குங்கள். இருநூறு மைல் சுற்றளவில் அந்த மாடலை விற்கும் டீலர்கள் எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல். கேட்க வேண்டியது ‘அவுட் த டோர்’ விலை, அதாவது வரி, பதிவு, டாக் ஃபீ, டீலர் பொருத்தியவை எல்லாம் சேர்ந்து கடைசியாக நான் கொடுக்க வேண்டிய ஒரே எண், வரி வரியாகப் பிரித்து. பாதிப் பேர் ‘நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்’ என்று பதில் எழுதுவார்கள். அவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோதும் பட்டியல் விலைக்கே விற்ற டீலர்கள் இருந்தார்கள். பெரும்பாலும் பெருநகரத்திலிருந்து தள்ளி, அதே ஊர்க்காரர்களை நம்பி நடக்கும் கடைகள். நம்மவர்கள் நியூ ஜெர்சியின் எடிசனையும் பிரின்ஸ்டனையும் விட்டு வெளியே தேடுவதில்லை. பென்சில்வேனியாவின் உட்பகுதிவரை தேடுங்கள். எங்கே வாங்கினாலும் வரி நீங்கள் பதிவு செய்யும் மாநிலத்துக்குத்தான். டெலவேரில் வாங்கினால் வரி மிச்சம் என்பது வீண் நம்பிக்கை.

கடனை முன்கூட்டியே ஒரு கிரெடிட் யூனியனில் (உறுப்பினர்களுக்குக் கடன் தரும் கூட்டுறவு நிறுவனம்) ஒப்புதல் வாங்கி வையுங்கள். டீலர் ஏற்பாடு செய்யும் கடனில், வங்கி சொன்ன வட்டிக்கு மேல் ஒன்று, இரண்டு சதவீதம் சேர்த்து வைத்துக்கொள்ள அவருக்கு இடமுண்டு. விலையில் விட்டுக்கொடுத்த பணம் வட்டியில் திரும்பிவிடும். கிரெடிட் வரலாறு இல்லாமல் புதிதாக வந்தவர்கள் இதில்தான் அதிகம் அடிபடுகிறார்கள். அவர்கள் ஆறு மாதம் ஒரு சுமாரான பழைய காரில் ஓட்டிவிட்டுப் பிறகு புதிய காருக்குப் போவது நல்லது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்று நாளில் திருப்பிக் கொடுக்கலாமாமே?

முடியாது. அந்த மூன்று நாள் விதி வீடு தேடி வந்து விற்பவை போன்றவற்றுக்கானது. டீலர் கடையில் வாங்கிய புதிய காருக்குப் பொருந்தாது. எனக்குத் தெரிந்து அதிகம் பேரை ஏமாற்றிய வதந்தி இது.

எங்கே புகார் செய்வது? பலன் உண்டா?

அதிக விலை கேட்டார் என்ற புகாருக்குப் பலன் இல்லை. விளம்பர விலையை மறுத்தார், கேட்காததைச் சேர்த்தார், கட்டாயம் என்று பொய் சொன்னார் என்றால் உண்டு. மாநில அட்டர்னி ஜெனரல், கூட்டாட்சி வர்த்தக ஆணையமான எஃப்டிசி இரண்டிடமும் கொடுங்கள். 2022 ஏப்ரலில் நேப்பிள்டன் டீலர் குழுமம், ஒப்புதலின்றிக் கட்டணங்கள் சேர்த்தது, கறுப்பின வாடிக்கையாளர்களிடம் அதிகம் வாங்கியது என்ற குற்றச்சாட்டுகளின் பேரில் எஃப்டிசியும் இல்லினாய் மாநிலமும் தொடுத்த வழக்கை முடித்துக்கொள்ள ஒரு கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

முழு விலையை முதலிலேயே சொல்ல வேண்டும் என்று எல்லா டீலர்களையும் கட்டாயப்படுத்தும் விதி ஒன்றை எஃப்டிசி 2023 டிசம்பரில் வெளியிட்டது. டீலர்கள் சங்கம் நீதிமன்றம் போனது. விதியை உருவாக்கிய முறையில் ஒரு படியைத் தவிர்த்துவிட்டார்கள் என்று கூறி 2025 ஜனவரியில் ஐந்தாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விதியின் உள்ளடக்கம் தவறு என்று சொல்லவில்லை என்பது என்னைப் போன்றவர்களுக்கு ஆற்றாமையைக் கூட்டுகிறது.

பழைய கார் வாங்கினால்?

அங்கே பட்டியல் விலையே கிடையாது. புதிய கார் கிடைக்காதபோது எல்லோரும் அங்கே ஓடுவார்கள். 2021 ஜூனில் அமெரிக்கப் பழைய கார் விலை முந்தைய ஆண்டைவிட 45 சதவீதம் உயர்ந்திருந்தது. ஒரு வருடம் ஓடிய கார் புதிய காரின் பட்டியல் விலையைத் தாண்டிய விபரீதமும் நடந்தது. விசாரிக்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது நிலைமை என்ன? காத்திருக்கலாமா?

பெரும்பாலான மாடல்களுக்குத் தள்ளுபடி திரும்பிவிட்டது. புதிதாக வரும் மாடல்களிலும் வரத்து குறைவான ஹைபிரிட்களிலும் இரண்டாவது சீட்டை இன்னும் பார்க்கலாம். 2025 ஏப்ரல் 3 முதல் இறக்குமதிக் கார்களுக்கு 25 சதவீதச் சுங்கவரி வந்தபோது, அதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும் என்று கூட்டம் கடைகளுக்கு ஓடியது. அந்த அவசரத்தைச் சில டீலர்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். இது போன்ற செய்தி வரும் வாரங்களில் கடைக்குப் போகாதீர்கள். ஓடுகிற கார் கையில் இருந்தால், டயரை மாற்றி இன்னும் ஒரு வருடம் ஓட்டுங்கள். உடனே வாங்கியாக வேண்டும் என்றால் மாடலில் பிடிவாதம் வேண்டாம். சியன்னாவுக்கு மூவாயிரம் கூடுதல் கேட்கும் அதே வாரத்தில் கியா கார்னிவல் பட்டியல் விலைக்குக் கீழே கிடைக்கிறதா என்று அடுத்த கடைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள்.